ஆட்சேபணை இல்லையென்றால்

ஃப்ரெஸ்னோ, கலிபோர்னியா
நவம்பர் 11

அர்மான்ட் அண்ணா,

ஆறு நாளாக உனக்குத் தொலைபேசியில் அடித்து அடித்து என் விரல் தேய்ந்ததுதான் மிச்சம். இன்று காலை முதல் அந்த எண்ணே உபயோகத்தில் இல்லை என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. மின்னஞ்சல் அனுப்பினால் உன் பெட்டி நிரம்பிவிட்டது என்று திரும்பி வருகிறது. அதனால் பேனாவை எடுத்தேன். பள்ளிக்கூடச் சமையலறையில் சாமான் பட்டியல் எழுதுவதைத் தவிர நான் கையால் எதையும் எழுதிப் பல வருடம் ஆகிறது.

எங்கள் ஆளுக்கு நாடு முழுவதும் நாற்பது லட்சம் ஓட்டு அதிகம். ஜனாதிபதி நாற்காலியில் உட்காரப்போவது உங்கள் ஆள். ஏனென்றால் ஜனங்கள் போட்ட ஓட்டுக்கு மேலே இன்னொரு ஓட்டுப் போட ஐந்நூற்று முப்பத்தெட்டு எலக்டர்கள் இருக்கிறீர்கள். உங்கள் பக்கம் 270 பேர், எங்கள் பக்கம் 268 பேர். அந்த 270 பேரில் ஒருவன் என் கூடப்பிறந்தவன் என்று எனக்கு யார் சொன்னது தெரியுமா? தொலைக்காட்சி! "நியூ ஹாம்ப்ஷயர் எலக்டர்கள் நால்வர்" என்று பெயர் ஓடியது. மூன்றாவது பெயர் உன்னுடையது. கையிலிருந்த கரண்டி கீழே விழுந்துவிட்டது. பக்கத்தில் நின்றவள், "என்ன லூசில், யாராவது செத்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

வெண்டல் கிம்பால் உன்னை எதில் கொண்டுபோய் மாட்டிவிட்டிருக்கிறான் அண்ணா! கட்சிக்காரன் கூப்பிட்டால் போதும், நீ போய் நிற்பாய்.

டிசம்பர் 17-ஆம் தேதி மாநிலத் தலைநகர் கான்கார்டில் சீட்டில் ஒரு பெயர் எழுதப்போகிறாய். உங்கள் மாநிலத்தில் இன்ன பெயரைத்தான் எழுத வேண்டும் என்று சட்டம் கிடையாது. விசாரித்துவிட்டேன். அதிக ஓட்டு வாங்கியவரின் பெயரை எழுது. இங்கே ஏழு லட்சம் பேருக்கு ஒரு எலக்டர். உங்களுக்கு மூன்றரை லட்சம் பேருக்கே ஒருவர். உன்னில் பாதியா நான்? சின்ன வயதில் ரொட்டியைப் பங்கு போடும்போதுகூட நீ எனக்குப் பாதி என்று சொன்னதில்லை.

உன்
லூசி

*

மெர்ரில்ஸ் நாட்ச், நியூ ஹாம்ப்ஷயர்
நவம்பர் 17

லூசி,

உன் கடிதம் வந்தது. உன் இடது கை எழுத்து முன்பைவிட இன்னும் சாய்ந்துவிட்டது. அந்தக் கோணல்தான் அதைக் காப்பாற்றியது.

தொலைபேசியைப் பிடுங்கிப் போட்டது நான்தான். என் எண்ணை யாரோ ஊருலகத்துக்கெல்லாம் கொடுத்துவிட்டார்கள். ஒரே நாளில் முந்நூறு அழைப்பு. ஒருவன் அழுதான். ஒருத்தி, ஆனெட்டைப் புதைத்த இடம் தனக்குத் தெரியும் என்றாள். செத்துப்போன என் மனைவி இவர்களுக்கு என்ன பாவம் செய்தாள்? அன்றே கம்பியைப் பிடுங்கினேன்.

இப்போது தபால். ரோடா தினமும் அஞ்சல் வண்டியை வாசலில் நிறுத்தி மூட்டையை இறக்குகிறாள். "உனக்கு வந்த தபால்ல என் முதுகு போச்சு அர்மான்ட், வைத்தியச் செலவு நீதான் பாக்கணும்" என்கிறாள். பாதிக்கு மேல் சிவப்புக் கோடு போட்ட நீள உறை. உன் சம ஓட்டு இயக்கத்தின் உறைதான். நான் ஒன்றையும் பிரிப்பதில்லை. அச்சடித்த முகவரிச் சீட்டு ஒட்டியிருந்தால் நேராகப் பாகுக் கொட்டகைக்குப் போகும். முப்பத்தொரு வருடம் காகித ஆலையில் நின்றவன், காகிதத்தை வீணாக்கமாட்டேன். மார்ச்சில் மேப்பிள் பாகு காய்ச்ச அடுப்பு மூட்ட ஆகும். உறைமேல் உன் எழுத்து இருந்தால் மட்டும் பிரிப்பேன்.

நீ கேட்டதற்குப் பதில்: முடியாது. செப்டம்பரில் கட்சி மாநாட்டில் இருநூறு பேர் முன்னால் கையைத் தூக்கி, எங்கள் ஆளுக்கே என் ஓட்டு என்று சொன்னேன். சட்டம் கட்டவில்லை என்கிறாய். சட்டம் கட்டாத இடத்தில்தான் மனிதன் சொன்ன சொல்லுக்கு வேலை.

வெண்டலைக் குறை சொல்லாதே. ஆலையை மூடிய அன்று இந்த ஊருக்கு வந்து எங்களோடு வாசலில் நின்றது அவன்தான். ஆனெட்டின் சவப்பெட்டியை ஒரு பக்கம் தூக்கியதும் அவன்தான். உனக்குப் பள்ளிக்கூடத்தில் விடுமுறை தரவில்லை என்று எழுதினாய். நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. இப்போது சொல்லிவிட்டேன்.

நேற்று முழங்கால் அளவு பனி.

அர்மான்ட்

*

ஃப்ரெஸ்னோ
நவம்பர் 24

அண்ணா,

ஆனெட் அண்ணி விஷயத்தில் நீ சொன்னது சரி. விடுமுறை கிடைக்கவில்லை என்பது பாதிதான் உண்மை. நான் அழுத்திக் கேட்கவில்லை. உன் வீட்டுக் கூடத்தில் வெண்டலும் அவன் கூட்டமும் உட்கார்ந்திருக்கும், அரசியல் பேசுவார்கள், நான் வாயை மூடிக்கொண்டிருக்கமாட்டேன், அண்ணியின் பெட்டிக்குப் பக்கத்திலேயே சண்டை வரும் என்று பயந்தேன். இதைச் சொல்ல நாலு வருடம் ஆகியிருக்கிறது.

இப்போது நீ கேள். இருபத்திரண்டு வருடமாக நீதான் அங்கே ஊர்க்கூட்டத் தலைவர். மரச்சுத்தியைத் தட்டி ஓட்டெடுத்து எண்ணிச் சொல்பவன். பள்ளிக்கூடக் கூரைக்கு வரிப்பணம் ஒதுக்கலாமா என்று ஓட்டெடுத்த வருடம் நினைவிருக்கிறதா? நானும் ஊருக்கு வந்திருந்தேன், பின் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஒதுக்கலாம் என்று 91 பேர், வேண்டாம் என்று 90 பேர். நீ வேண்டாம் என்ற கட்சி. வெண்டல் முன் வரிசையிலிருந்து, "இன்னொரு தடவ எண்ணுடா, கண்ணு மங்கியிருக்கும் உனக்கு" என்று கண்ணடித்தான். நீ மூன்று தடவை எண்ணினாய். பிறகு சுத்தியைத் தட்டி, "அதிகம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்" என்றாய். அன்று எனக்கு நீ எவ்வளவு பெரிய ஆளாகத் தெரிந்தாய் என்று உனக்குத் தெரியாது.

அந்தக் கூடத்தில் ஒரு ஓட்டு அதிகம் இருந்தால் போதும். நாட்டில் நாற்பது லட்சம் போதாதா?

எங்கள் இயக்கம் கேட்பது இவ்வளவுதான்: ஒவ்வொரு மாநிலமும் தன் எலக்டர்களை, நாடு முழுவதும் அதிக ஓட்டு வாங்கியவருக்கே கொடுப்பதாகச் சட்டம் போட வேண்டும். உங்கள் சட்டமன்றத்திலும் வருகிற பிப்ரவரியில் அந்த மசோதா வருகிறது. அது வரைக்கும் காத்திருக்க முடியாத வருடம் இது. நீ தனி ஆளும் இல்லை. கான்சாஸில் ஒரு பண்ணைக்காரர், ஜார்ஜியாவில் ஒரு பல் வைத்தியர், இரண்டு பேருமே உங்கள் கட்சி எலக்டர்கள்தான். இருவரும் மாற்றி எழுதச் சம்மதித்துவிட்டார்கள் என்று அலுவலகத்தில் சொல்கிறார்கள். உன்னோடு மூன்று. 267-க்கு 271. முடிந்தது கதை.

லூசி

*

மெர்ரில்ஸ் நாட்ச்
டிசம்பர் 3

லூசி,

கூரை விஷயத்தை நீ இழுத்திருக்க வேண்டாம்.

ஒரு வாரமாக அதையேதான் நினைத்துக்கொண்டு மேப்பிள் மரங்களுக்கு இடையே நீர் வடிக்கும் குழாய் கட்டிக்கொண்டிருக்கிறேன். இருபத்திரண்டு வருடத்தில் ஒரு முறைகூடக் குறைந்த பக்கத்துக்குச் சுத்தி தட்டியதில்லை. இப்போது கான்கார்டுக்குப் போய் அதைத்தான் செய்யப்போகிறேன், அதுவும் நல்ல கோட்டு போட்டுக்கொண்டு. செய்யாவிட்டால் சொன்ன சொல் போகிறது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒன்றை விட்டுத்தான் வீடு திரும்ப வேண்டும்.

வெண்டலிடம் வாயைத் திறந்து பார்த்தேன். "நாட்ல ஒரு நாலு பெரிய ஊர் சேந்து நம்மள மாதிரி ஊருக்கு ஜனாதிபதிய முடிவு பண்றதா? நம்ம குரல் அங்க எட்டணும்னுதான் இந்த ஏற்பாடே" என்றான். அதிலும் நியாயம் இருக்கிறது. ஆலை மூடியபோது எங்கள் குரல் எங்கேயும் எட்டவில்லை. ஆனால் அவன் கூரைக்குக் கண்ணடித்தவன். அது மனதை விட்டுப் போகமாட்டேன் என்கிறது.

ஆகவே இப்படி வைத்துக்கொள்வோம். தனியாக நான் ஒருவன் மாற்றி எழுதினால் அது கோமாளித்தனம். மூன்று பேர் என்றால் அர்த்தம் உண்டு. அந்த இரண்டு பேரும் நிச்சயம்தானா என்று நீயே நேரில் விசாரி. ஏதாவது கோளாறு என்றால் 'வேண்டாம்' என்று ஒரு வார்த்தை எழுது. பதினைந்தாம் தேதி வரை உன் தபாலுக்குப் பார்ப்பேன். ஊர்க்கூட்டத்தில் நான் சொல்வது உனக்குத் தெரியும்: ஆட்சேபணை இல்லையென்றால் தீர்மானம் நிறைவேறியது. அதேதான் இதற்கும். உன்னிடமிருந்து ஒன்றும் வராவிட்டால் அவர்கள் இருக்கிறார்கள் என்று எடுத்துக்கொண்டு எழுதிவிடுவேன்.

நேற்று யாரோ வாசல் தபால் பெட்டியைக் கட்டையால் அடித்து நசுக்கிவிட்டுப் போயிருக்கிறார்கள். எந்தப் பக்கத்துக்காரன் என்று தெரியவில்லை. இந்த வருடம் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கட்டைதான் வைத்திருக்கிறது.

அர்மான்ட்

*

சம ஓட்டு இயக்க அலுவலகம், ஃப்ரெஸ்னோ
டிசம்பர் 9

அண்ணா,

அவசரமாக எழுதுகிறேன். கடைசி அஞ்சல் வண்டி இன்னும் கால் மணி நேரத்தில் வரும்.

உன் கடிதம் நேற்று கிடைத்தது. இன்று நேராக இங்கே வந்து வழக்கறிஞரைப் பிடித்துக் கேட்டேன். வேண்டாம். கேட்டுக்கொள், வேண்டாம். கான்சாஸ்காரர் பின்வாங்கிவிட்டார். பல் வைத்தியர் சம்மதிக்கவே இல்லையாம், யோசிக்கிறேன் என்றதைத்தான் இவர்கள் சம்மதம் என்று சொல்லிக்கொண்டு திரிந்திருக்கிறார்கள். மிச்சம் நீ ஒருவன். நீ ஒருவன் மாறினால் 269-க்கு 269. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. அப்போது முடிவு பிரதிநிதிகள் சபைக்குப் போகும். அங்கே மாநிலத்துக்கு ஒரு ஓட்டு. எங்கள் நாலு கோடி ஜனத்துக்கும் ஒன்று, ஆறு லட்சம் பேர்கூட இல்லாத வயோமிங்குக்கும் ஒன்று. உங்கள் ஆள்தான் ஜெயிப்பார். நீ மட்டும் நாசமாவாய்.

"இது தெரிஞ்சும் ஏன் எங்க அண்ணன விடாம கேக்கறீங்க?" என்றேன். அந்த ஆள் கூசாமல், "தலைப்புச் செய்தி வேணும்மா. ஒரு எலக்டர் மனசாட்சிப்படி நடந்தார்னா அது எங்களுக்குப் பெரிய விளம்பரம்" என்றான். விளம்பரமாம்! கையில் கொதிக்கிற சூப் இருந்திருந்தால் ஊற்றியிருப்பேன். பிப்ரவரி மசோதாவும் உன்னால் செத்துப்போகும். இவர்கள் சட்டம் போட வரவில்லை, ஆளைக் கலைக்க வந்தவர்கள் என்று ஊர் பேசும்.

உங்கள் ஊர் அலுவலகத்துக்கு அடித்தேன். எலக்டர் என்று வாயெடுத்ததும் வைத்துவிட்டார்கள். அதனால் இந்தக் கடிதம்தான். இங்கே சிவப்புக் கோட்டு உறையைத் தவிர வேறு கிடையாது. நீ தூக்கிப் போட்டுவிடக் கூடாது என்று உறை முழுக்க என் கையால் பெரிதாக உன் பெயரை எழுதியிருக்கிறேன். தபால் மேஜையில் இருக்கும் மார்லீனிடம் கொடுக்கிறேன், இரண்டு நாளில் சேர்ந்துவிடும் என்கிறாள்.

நீ சொன்ன சொல்லைக் காப்பாற்று. தப்பு என்மேல். பதினாறாம் தேதிக்கு விமான டிக்கெட் எடுத்து வைத்திருக்கிறேன். கான்கார்டில் உன் பக்கத்தில் நிற்கிறேன், வெண்டல் இருந்தாலும் வாயைத் திறக்கமாட்டேன். 'லூசி வா' என்று இரண்டு வார்த்தை எழுது. வேண்டாம் என்று நினைத்தால் எழுதாதே, கோபித்துக்கொள்ளமாட்டேன்.

லூசி

*

மெர்ரில்ஸ் நாட்ச்
டிசம்பர் 18

லூசி,

செய்துவிட்டேன்.

நாலு பேருக்கு ஒரு மேஜை. ஆளுக்கு ஒரு சீட்டு, ஒரு பேனா. எண்ணியவர் மூன்று பெயரை வாசித்துவிட்டு நான்காவதைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். மாடத்தில் உட்கார்ந்திருந்தவர்கள் இருமுவதைக்கூட நிறுத்திவிட்டார்கள். பிறகு உங்கள் ஆளின் பெயரை வாசித்தார். யார் எழுதியது என்று அவர் கேட்கவில்லை. நானே கையைத் தூக்கினேன். செப்டம்பரில் தூக்கிய அதே கை.

தாழ்வாரத்தில் வெண்டல் நின்றான். திட்டுவான் என்று பார்த்தேன். "ஆனெட் பொட்டிய நான் தூக்கினேன் அர்மான்ட்" என்று மட்டும் சொன்னான்.

வண்டியில் திரும்பும்போது வானொலி கேட்டேன். கான்சாஸில் எல்லாரும் ஒப்புக்கொண்டபடியே எழுதினார்களாம். ஜார்ஜியாவிலும் அப்படியே. நாடு முழுவதும் மாற்றி எழுதியவன் ஒரே ஒருவன். 269-க்கு 269.

பதினைந்தாம் தேதிவரை தினமும் ரோடாவின் மூட்டையில் உன் எழுத்தைத் தேடினேன். உன்னிடமிருந்து ஆட்சேபணை வரவில்லை.

அர்மான்ட்

*

ஃப்ரெஸ்னோ
டிசம்பர் 26

அண்ணா,

என்ன சொல்கிறாய் நீ? எழுதினேனே! ஒன்பதாம் தேதி, நாலு பக்கம். 'வேண்டாம்' என்று எழுதி அடியில் கோடு போட்டேன். நீ ஒன்றும் எழுதாததால் என்னை வரவேண்டாம் என்கிறாய், ஆனால் சொன்னதைக் கேட்டுக்கொண்டாய் என்று நினைத்தேன். பதினாறாம் தேதி டிக்கெட்டைக் கிழித்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் பிள்ளைகளுக்குச் சோறு பரிமாறிக்கொண்டிருக்கும்போது சுவரில் இருந்த தொலைக்காட்சியில் உன் முகம். என்மேல் உள்ள வீம்பில் செய்துவிட்டான் என்றுதான் முதலில் நினைத்தேன். மன்னித்துக்கொள்.

சிவப்புக் கோட்டு உறையில் அனுப்பினேன், வேறு உறை இல்லாமல். ஆனால் மேலே என் கையெழுத்து இருக்கிறது, உறையை அடைத்துக்கொண்டு. கொட்டகையில்தான் கிடக்கும். போய்ப் பார் அண்ணா, உனக்குப் புண்ணியமாகப் போகும். தயவுசெய்து பார்.

லூசி

*

மெர்ரில்ஸ் நாட்ச்
ஜனவரி 10

லூசில்,

பார்த்தேன். பதினோரு மூட்டை. கொட்டகைத் தரையில் கொட்டி, ஒவ்வொன்றாகப் புரட்டி, மூன்று நாள் பார்த்தேன். குளிரில் விரல் மரத்துவிட்டது. சிவப்புக் கோட்டு உறை அத்தனையிலும் அச்சடித்த சீட்டுத்தான் ஒட்டியிருக்கிறது. உன் எழுத்து ஒன்றில்கூட இல்லை. எல்லாவற்றையும் திரும்பக் கட்டிப் பரணில் ஏற்றிவிட்டேன்.

ஆறாம் தேதி பிரதிநிதிகள் சபையில் நடந்ததை நீயும் பார்த்திருப்பாய். மாநிலத்துக்கு ஒன்று என்று எண்ணி இருபத்தெட்டு மாநிலம் எங்கள் ஆளுக்கே போட்டது. நான் எழுதியதால் எதுவும் மாறவில்லை. ஒன்றே ஒன்று மாறியது. இப்போது கடைத்தெருவில் நான் எதிரே வந்தால் மனிதர்கள் சாலையின் அந்தப் பக்கம் போகிறார்கள். மளிகைக்கடைக்காரர் என் பாகு டப்பாக்களை அலமாரியிலிருந்து எடுத்து ஒரு பெட்டியில் அடுக்கி, வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போனார். காட்டில் நாற்பது மரத்துக் குழாயை யாரோ அறுத்துப் போட்டிருக்கிறார்கள்.

இதெல்லாம் போகட்டும். இரண்டு கடிதம் எழுதி என்னைக் கரைத்தது நீ. காரியம் கெட்டதும், நான் வேண்டாம் என்றுதானே சொன்னேன் என்று இன்னொரு கடிதத்தை உண்டாக்கிக் கை கழுவுகிறாய். 'தெரியாமல் சொல்லிவிட்டேன் அண்ணா' என்று எழுதியிருந்தால் அதோடு விட்டிருப்பேன். சின்ன வயதில் நீ எவ்வளவோ சேட்டை செய்திருக்கிறாய். பொய் சொன்னதில்லை. இந்த வயதில் ஏன் ஆரம்பித்தாய்?

அர்மான்ட்

*

ஃப்ரெஸ்னோ
பிப்ரவரி 15

அர்மான்ட்,

உங்கள் சட்டமன்றக் குழு அந்த மசோதாவை நேற்று பதினாறுக்கு நாலு என்று குப்பையில் போட்டது. கணினியில் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒரு உறுப்பினர் எழுந்து, "மெர்ரில்ஸ் நாட்ச்காரர கலைச்சது இவங்கதானே? இவங்களா நமக்கு நேர்மையான தேர்தல் சொல்லித்தர வந்தது?" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். ஆறு வருடம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வீடு வீடாகக் கதவைத் தட்டியிருக்கிறேன் அதற்காக. இனி என் காலத்தில் அது வராது.

இயக்கத்தின் செய்தி இதழில் முதல் பக்கத்தில் உன் படம். 'ஒரு மனசாட்சி' என்று தலைப்பு. அன்றே அவர்களை விட்டு விலகிவிட்டேன்.

இதையெல்லாம் தாங்கிக்கொள்வேன். பொய்க்காரி என்றதைத் தாங்கமுடியவில்லை. நீ என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. ஆனால் கொட்டகைத் தரையில் மூன்று நாள் உட்கார்ந்து தேடியவனுக்கு, லூசி அப்படிச் செய்யமாட்டாள் என்று ஒரு நிமிடம்கூடத் தோன்றவில்லையா? எண்ணிப் பார்த்தாய், இல்லை என்று அறிவித்துவிட்டாய். ஊர்க்கூட்டத் தலைவர்தான் நீ.

இனி எழுதாதே. உறையில் உன் எழுத்தைப் பார்த்தால் பிரிக்காமல் திருப்பி அனுப்பிவிடுவேன். சத்தியமாகச் சொல்கிறேன்.

லூசில்

*

மெர்ரில்ஸ் நாட்ச்
மார்ச் 23

லூசி,

இரண்டு செய்தி. முதலாவதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

பதினோராம் தேதி ஊர்க்கூட்டம். பனி அள்ளும் வண்டி, பாலத்துப் பலகை எல்லாம் முடிந்து, வேறு ஏதாவது உண்டா என்று கேட்டேன். வெண்டல் எழுந்தான். தலைவர் விலக வேண்டும் என்று கேட்டுக்கொள்ளும் தீர்மானம். படித்துவிட்டு என்னைப் பார்க்காமல் உட்கார்ந்தான். என் விலகலுக்கு நானேதான் ஓட்டெடுக்க வேண்டும். எடுத்தேன். அட்டையைத் தூக்கச் சொல்லி வரிசை வரிசையாக நடந்து எண்ணினேன். விலக வேண்டும் என்று 143. வேண்டாம் என்று 38. ரோடாதான், "அர்மான்ட், இது வெறும் வேண்டுகோள்தான், உன்ன ஒண்ணும் கட்டாது. உக்காரு" என்று கத்தினாள். "அதிகம் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கம்" என்று சொல்லிச் சுத்தியைத் தட்டி, அதை மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். சரியாக எண்ணினேன். அதில் எனக்குக் குறையில்லை.

இரண்டாவது.

இந்த வாரம்தான் மரத்தில் நீர் இறங்கியது. அறுத்தது போக மிச்சக் குழாயில் வந்ததைக் கொண்டு நேற்று அடுப்பு மூட்டினேன். பரணில் இருந்த மூட்டைகளில் ஒன்றை இறக்கிக் கை கையாக உள்ளே போட்டேன். பிறகு தகரத் தொட்டி கொதித்தது. ஆவி எழும்பினால் அந்தக் கொட்டகை எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும், சுவரெல்லாம் வியர்க்கும். மத்தியானம் நெருப்பு தணிந்தது. இரண்டாவது மூட்டையை இறக்கினேன். ஆவியில் ஊறிக் காகிதம் துவண்டுபோயிருந்தது. ஒரு பிடி எடுத்தேன். மேலே இருந்த உறையின் முகவரிச் சீட்டு பசை விட்டு வழுக்கி என் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அதன் அடியில் சாய்ந்த எழுத்து. உறையை அடைத்துக்கொண்டு என் பெயர்.

உன் கையெழுத்தின்மேல் சீட்டை ஒட்டியிருக்கிறார்கள். அந்த மார்லீனாகத்தான் இருக்கும். எல்லா உறைக்கும் ஒட்டுவதுபோல இதற்கும் ஒட்டியிருப்பாள். அவளை என்ன சொல்வது? நானும் என் வேலையைத்தான் செய்தேன். சீட்டைப் பார்த்தேன், மூட்டையில் போட்டேன்.

நாலு பக்கத்தையும் நின்றபடியே படித்தேன். தொட்டியில் பாகு தீய்ந்துபோன வாடை வந்தபிறகுதான் அது நினைவுக்கு வந்தது. 'வேண்டாம்' என்ற வார்த்தை முதல் பக்கத்திலேயே இருக்கிறது, அடியில் கோடு போட்டு. ஆட்சேபணை இருந்திருக்கிறது லூசி. தலைவர்தான் கேட்கவில்லை.

உன்னைப் பொய்க்காரி என்று எழுதினேன். அந்தக் கடிதத்தை வைத்திருந்தால் எரித்துவிடு. உன் முகத்தைப் பார்த்து மன்னிப்புக் கேட்க வேண்டும், காகிதத்தில் கேட்பது போதாது. என்னால் உன் மசோதா போனது. என்னால் உன் ஆறு வருட ஞாயிற்றுக்கிழமைகள் போயின. அதற்கு ஈடாகத் தர என்னிடம் ஒன்றும் இல்லை.

நீ டிசம்பரில் கேட்ட இரண்டு வார்த்தையை இப்போது எழுதுகிறேன். தேதி கடந்துவிட்டது என்று தெரியும்.

லூசி, வா.

என் எழுத்தைப் பார்த்தால் பிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாய். நீ சொன்னால் சொன்னதுதான். அதனால் உறையின்மேல் நான் எழுதவில்லை. ரோடாவை எழுதச் சொல்லப்போகிறேன்.

அர்மான்ட்